24 மணி நேரக் கெடு

நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் என்றொரு பல்கலைக்கழக நகரம். காரைவிடச் சைக்கிளுக்கு மதிப்பு அதிகமுள்ள ஊர். கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் ஒரு துண்டுச்சீட்டு ரப்பர் பேண்டால் மாட்டப்பட்டிருந்தது. விடுமுறை வாழ்த்து சொல்லும் ஒரு விளையாட்டுத் துணிக்கடையின் விளம்பரம். அப்படியொரு கடையே கிடையாது. சீட்டைக் கழற்றாமல் ஹேண்டில்பாரைச் சரியாகப் பிடிக்க முடியாது. அருகில் குப்பைத்தொட்டியும் இல்லை. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், கீழே போடலாம், அடுத்த சைக்கிளில் மாட்டிவிட்டு நழுவலாம். யார் என்ன செய்கிறார்கள் என்பதை ஒதுங்கி நின்று குறித்துக்கொண்டிருந்தது கீஸ் கெய்சர், சீக்வார்ட் லிண்டன்பெர்க், லிண்டா ஸ்டெக் ஆகிய மூவரின் ஆய்வுக்குழு.

சந்தின் சுவரில் ‘இங்கே கிறுக்கக் கூடாது’ என்ற அறிவிப்பு பளிச்சென்று இருந்தது. ஒரு நாள் அந்தச் சுவர் கிறுக்கலில்லாமல் சுத்தமாக நின்றது. இன்னொரு நாள் அதே சுவரில் பெயிண்டால் தாறுமாறாகக் கிறுக்கி வைத்தார்கள். மற்றபடி எதையும் மாற்றவில்லை. சுவர் சுத்தமாக இருந்த நாளில் 33 சதவீதம் பேர் சீட்டைக் கீழே போட்டார்கள், அல்லது அடுத்தவர் சைக்கிளில் மாட்டினார்கள். சுவர் கிறுக்கலாக இருந்த நாளில் 69 சதவீதம் பேர். ஒரே ஊர், ஒரே சந்து, ஒரே மாதிரியான மனிதர்கள். மாறியது சுவர் மட்டும்.

இதே குழு செய்த இன்னொரு சோதனை இதைவிடக் கலங்கவைக்கிறது. ஒரு தபால்பெட்டியின் வாயில் ஓர் உறை பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் செருகப்பட்டிருந்தது. உறையின் கண்ணாடித்தாள் ஜன்னல் வழியாக உள்ளே இருந்த 5 யூரோ நோட்டு தெரிந்தது. பெட்டியும் சுற்றுப்புறமும் சுத்தமாக இருந்தபோது கடந்துபோனவர்களில் 13 சதவீதம் பேர் உறையை எடுத்துக்கொண்டார்கள். பெட்டியின்மேல் கிறுக்கியிருந்தபோது 27 சதவீதம். பெட்டியைச் சுற்றிக் குப்பை கிடந்தபோது 25 சதவீதம். 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. குப்பை போடுவது சின்னக் குற்றம். உறையைத் திருடுவது அப்படியில்லை. தரையில் கிடந்த காகிதங்கள் திருட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின.

ஏன் இப்படி? மனிதர் ஒரு செயலைச் செய்யும்போது மூன்று நாட்டங்கள் உள்ளுக்குள் போட்டியிடுகின்றன என்பது லிண்டன்பெர்க்கின் விளக்கம். சரியானதைச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. சிரமமில்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. கையில் ஏதாவது ஆதாயம் வர வேண்டும் என்பது இன்னொன்று. முதல் நாட்டம் நோஞ்சான். சுற்றுப்புறத்திலிருந்து அதற்கு ஓயாமல் ஆதரவு கிடைத்தால்தான் அது நிற்கும். பிறர் விதியை மீறியதற்கான தடயம் கண்ணில் பட்டதுமே அது பின்வாங்குகிறது. மற்ற இரண்டும் முன்னே வருகின்றன. மீறப்பட்ட விதி ஒன்றாகவும் நாம் மீறப்போகும் விதி வேறாகவும் இருந்தால்கூட இது நடக்கிறது. சுவரில் கிறுக்கியவன் குப்பை போடச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் கிறுக்கல், ‘இங்கே யாரும் கவனிப்பதில்லை’ என்ற செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது.

இதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் இந்தப் புதிரின் இன்னொரு முனையைத் தொட்டிருந்தார்கள். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வருவோர் கையில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அவர்கள் நடந்துபோகும் பாதையில் முன்கூட்டியே சில பிரசுரங்களைப் போட்டு வைத்தார்கள். ஒருமுறை எதுவுமில்லை. ஒருமுறை 1. பிறகு 2, 4, 8, 16 என்று. பாதை முற்றிலும் சுத்தமாக இருந்தபோது 18 சதவீதம் பேர் கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். ஒரே ஒரு காகிதம் கிடந்தபோது அது 10 சதவீதமாகக் குறைந்தது. 2 காகிதத்துக்கு 20, 4 காகிதத்துக்கு 23. எட்டாக உயர்ந்ததும் ஒரே தாவல்: 41 சதவீதம். பதினாறிலும் ஏறக்குறைய அதே 40.

சுத்தமான பாதையில் கிடக்கும் ஒற்றைக் காகிதம் ஏன் குப்பையைக் குறைக்கிறது? சுத்தமான இடத்தின் சுத்தம் நம் கவனத்துக்கே வருவதில்லை. அதில் ஒன்று மட்டும் உறுத்தலாகக் கிடந்தால், ‘இங்கே மற்றவர்கள் யாரும் போடவில்லையே’ என்று அது சுட்டிக்காட்டுகிறது. இதைச் சோதிக்க, மாணவர் விடுதி ஒன்றில் தர்ப்பூசணித் தோல் ஒன்றை மட்டும் தரையில் போட்டுப் பார்த்தபோதும் அதேபோல் குப்பை குறைந்தது. ஆனால் இந்தக் காவல் ரொம்ப நேரம் தாங்காது. இரண்டாவது, மூன்றாவது விழுந்ததும் செய்தி மங்கத் தொடங்குகிறது. அந்தப் பூங்காவில் நாலுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்டிய பிறகு பாதை குப்பைமேடாவதைத் தடுக்க ஆளில்லை.

குப்பையையும் கிறுக்கலையும் எதிர்ப்பதில் எத்தனை அள்ளுகிறோம் என்பதைவிட எப்போது அள்ளுகிறோம் என்பதே முக்கியம் என்று நான் நம்புவது இந்த எண்களால்தான். வாரம் ஒருமுறை லாரி லாரியாக அள்ளும் நகரம் அழுக்காகவே இருக்கலாம். முதல் பையை அன்றே எடுக்கும் நகரம் குறைந்த செலவில் சுத்தமாக இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஒரு மாநகரம் முழுக்க இதைச் செய்து காட்டிய கதை ஒன்று உண்டு.

1970-களின் நியூயார்க். 183-ஆம் தெருவில் வாழ்ந்த ஒரு பையன், கூரியர் வேலைக்காக ஊர் முழுக்கச் சுற்றும்போது போகிற இடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று எழுதிவைத்தான். 1971-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அவனைப் பற்றிச் செய்தி போட்டது. பெயரை எழுதினால் ஊர் அறியும் என்று தெரிந்த பிறகு மற்ற பையன்கள் சும்மா இருப்பார்களா? நிற்கும் சுவரைவிட ஓடும் சுவர் மேல் என்று சுரங்க ரயில்களைப் பிடித்தார்கள். இரவில் ரயில்கள் ஓய்வெடுக்கும் யார்டுகளுக்குள் புகுந்து, பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரைந்தார்கள். அவற்றில் சில உண்மையிலேயே அழகானவை. இன்று கலை வரலாற்று நூல்களில் இடம்பிடித்தவை. ஆனால் உள்ளே ஏறினால் ஜன்னல், வரைபடம், இருக்கை, கதவு எல்லாம் மையால் மூடிக்கிடந்தன. எந்த நிலையம் வருகிறது என்று பயணிக்குத் தெரியாது. வேலைக்குப் போய்வரும் பெண்களும் முதியவர்களும் அந்தப் பெட்டியில் ஏறவே அஞ்சினார்கள். 1980-களின் தொடக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் கிறுக்கல் படாத பெட்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நகரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1977-ல் கோனி ஐலண்ட் யார்டில் ரயில்களை ரசாயனத்தால் கழுவும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஓவியங்கள் கரைந்து, மங்கலான சாம்பல் பூச்சாகப் பெட்டி முழுக்கப் பரவின. பையன்கள் அதன்மேல் புதிதாக வரைந்தார்கள். 1981-ல் மேயர் எட் காச், பெட்டிகளுக்கு வெள்ளையடித்து, ஒரு யார்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காவலுக்கு நாய்களை விட்டார். எல்லா யார்டுகளிலும் எல்லா இரவும் நாயையும் ஆளையும் நிறுத்த எந்த நகரத்தாலும் முடியாது.

1984-ல் போக்குவரத்து ஆணையத்தின் தலைவராக டேவிட் கன் வந்தார். பையன்கள் எதற்காக வரைகிறார்கள் என்ற கேள்வியிலிருந்து அவர் திட்டம் தொடங்கியது. பணத்துக்காக இல்லை. தாங்கள் வரைந்த பெட்டி மறுநாள் நகரத்தின் குறுக்கே ஓடுவதை நண்பர்களோடு நடைமேடையில் நின்று பார்ப்பதற்காக. அந்தக் காட்சிதான் கூலி. அதை நிறுத்திவிட்டால்? கன் வகுத்த விதி எளிமையானது: ஒரு பெட்டி ஒருமுறை சுத்தமாக்கப்பட்டுச் சேவைக்கு வந்துவிட்டால், அதன் பிறகு ஒருநாளும் கிறுக்கலோடு ஓடக் கூடாது. கிறுக்கினால் உடனே துடைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் துடைக்க முடியாவிட்டால் பெட்டியைக் கழற்றி ஓரம் கட்ட வேண்டும். அலுவலக நேரக் கூட்டம் நெரித்தாலும் இதில் சமரசம் இல்லை.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் சுத்தப்படுத்த அவர் முயலவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு ரயில், பிறகு இன்னொரு ரயில், ஒரு தடம், பிறகு அடுத்த தடம் என்று போனார்கள். சுத்தமான பெட்டிகளை அழுக்குப் பெட்டிகளோடு கலக்கவிடவில்லை. காப்பாற்ற முடிந்த அளவுக்கு மட்டும் சுத்தத்தை விரிவாக்கினார்கள். ஐந்து ஆண்டுகள் பிடித்தது. 1989 மே 12 அன்று கிறுக்கலோடு ஓடிய கடைசி ரயில் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. பெயிண்டில் தோற்றவர்கள் பிறகு ஜன்னல் கண்ணாடியைக் கூர்மையான கருவியால் கீறத் தொடங்கினார்கள். அதற்கும் இதே வழியில்தான் பதில் சொன்னார்கள்: கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி, கீறல் விழுந்தால் படலத்தை உரித்துவிட்டு வேறொன்று ஒட்டுவது.

24 மணி நேரம் என்ற கெடு மனித மனத்தைக் கணக்கிட்டு வைத்தது. பெயிண்டின் வேதியியலும் அதே பக்கம் நிற்கிறது. ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே கலகலக்கும் சின்னக் குண்டு, அடியில் படிந்த நிறமியைக் கலக்கிவிடுகிறது. மூடியை அழுத்தினால், அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கும் புரோப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள் சட்டென்று விரிந்து, பெயிண்டை நுண்துளிகளாகச் சிதறடித்துத் தள்ளுகின்றன. ஒவ்வொரு துளியிலும் நிறமி, அதைப் பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் இளக்கமாக வைத்திருக்கும் கரைப்பான் என மூன்று சரக்கு உண்டு. சுவரில் பட்டதும் கரைப்பான் ஆவியாகத் தொடங்கும். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆனால் காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். பல பெயிண்டுகளில் உள்ள ஆல்கைடு பிசின், காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுவதற்கு நாட்கள், வாரங்கள் ஆகும். முதல் நாளில் மென்மையான கரைப்பானும் துணியும் போதும். மாதம் கடந்தால் கடுமையான ரசாயனம் வேண்டும். சுவரும் சேர்ந்து அடிவாங்கும்.

செங்கல், மணற்கல், சுண்ணாம்புச் சாந்து போன்றவை நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தத் துளைகள் ஈரப் பெயிண்டை உள்ளிழுக்கின்றன. பிறகு அவசரக்காரர் ஒருவர் தின்னரை ஊற்றித் தேய்த்தால் பெயிண்ட் கரையும். கரைந்த நிறம் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். கிறுக்கல் போனாலும் அதன் நிழல் அங்கேயே நிற்கும். சரி, தண்ணீரை அதிவேகத்தில் பீய்ச்சி அடிப்போம் என்றால், சூளையில் வெந்து கெட்டிப்பட்ட செங்கல்லின் மேல்தோல் பெயர்ந்து போகிறது. உள்ளிருக்கும் மென்மையான பகுதி மழைக்கும் உப்புக்கும் திறந்துகொள்கிறது. சுவரைச் சுத்தம் செய்வதாக நினைத்து அதன் ஆயுளைக் குறைத்த கதைகள் பழைய கட்டடங்களில் நிறைய. பாரம்பரியச் சின்னங்களில் இன்று லேசர் பயன்படுகிறது. நிறமி லேசர் ஒளியை விழுங்கிச் சூடேறி ஆவியாகிறது. வெளிர்நிறக் கல் அந்த ஒளியை அதிகம் விழுங்காததால் தப்புகிறது. அங்குலம் அங்குலமாக நகரும் வேலை. செலவும் அதிகம்.

முன்கூட்டியே பூசிவைக்கும் பாதுகாப்புப் பூச்சுகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மெழுகு அல்லது மாவுச்சத்து போன்ற பொருளால் ஆனது. கிறுக்கினால் வெந்நீரை அடித்துப் பூச்சோடு கிறுக்கலையும் கழுவிவிட்டு, மறுபடி பூச வேண்டும். இன்னொன்று பாலியூரித்தேன், சிலிக்கோன் வகைகளால் ஆன நிரந்தரப் பூச்சு. பெயிண்ட் அதன்மேல் சரியாகப் பரவி ஒட்டாது. கரைப்பானால் பலமுறை துடைக்கலாம். பாலத்தூணுக்கும் ரயில்பெட்டிக்கும் அது சரி. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதைப் பூசினால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, சாந்தைப் பெயர்த்துத் தள்ளும். கோயில் மதில், கோட்டைச்சுவர் போன்றவற்றில் ‘ஒரு கோட்டிங் அடித்துவிடலாம்’ என்று சொல்லும் ஒப்பந்ததாரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடுமா என்பதுதான்.

நியூயார்க் கதைக்கு ஒரு கசப்பான பின்பாதி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1982 மார்ச்சில் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இருவர் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ‘உடைந்த ஜன்னல்கள்’ என்ற கட்டுரையை எழுதினார்கள். உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும், ஒழுங்கின்மை பெருங்குற்றங்களை அழைத்துவரும் என்பது அதன் சாரம். 1990-களில் நியூயார்க் காவல்துறை இதை வேதமாக எடுத்துக்கொண்டது. ஆனால் ஜன்னலைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஜன்னலருகே நின்றவர்களைப் பிடித்தது. சில்லறைக் குற்றங்களுக்குக் கைது, பிறகு தெருவில் நிறுத்திச் சோதனை. 2011-ல் மட்டும் 6,85,000-க்கும் மேற்பட்ட முறை மக்கள் தெருவில் மறிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். மிகப் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2013-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 1990-களில், இப்படிக் கெடுபிடி செய்யாத அமெரிக்க நகரங்களிலும் குற்றங்கள் குறைந்தன. அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2019-ல் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, தெருவின் அலங்கோலம் மக்களை வன்முறைக்குத் தூண்டுகிறது என்பதற்கு நிலையான சான்று கிடைக்கவில்லை. ஆகவே அளவோடு பேசுவோம். குப்பை குப்பையை இழுக்கும்; சின்ன மீறல் இன்னொரு சின்ன மீறலுக்கு வழிவிடும். அதிலிருந்து கொலைவரை கோடு இழுப்பது அறிவியல் ஆகாது. சுவரைத் துடைப்பதும் சிறுவனைச் சிறையில் அடைப்பதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவது பலன் தந்ததற்குத்தான் சான்று இருக்கிறது.

அந்தச் சான்றில் மிகச் சிறந்தது ஃபிலடெல்ஃபியாவில் கிடைத்தது. கைவிடப்பட்டு, புதர் மண்டி, பழைய டயரும் குப்பையுமாகக் கிடந்த 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாண்டக்கூடிய உயரத்தில் ஒரு மரவேலி போட்டார்கள். சிலவற்றில் வெறுமனே குப்பை மட்டும் அகற்றினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் வந்த முடிவு: மிக ஏழ்மையான பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. மனைகள் சீரானதால் அக்கம்பக்கத்தார் வெளியே வந்து உட்கார்ந்தார்கள்; ஆயுதத்தை ஒளித்துவைக்கப் புதரும் இல்லை. அந்த மாற்றத்துக்காக யாரையும் கைதுசெய்ய வேண்டியிருக்கவில்லை.

அதே ஃபிலடெல்ஃபியா 1984-ல் கிறுக்கல் எதிர்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அமர்த்தி, சுவரில் கிறுக்கிய பையன்கள் கையிலேயே தூரிகையைக் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்த சுவரோவியத் திட்டத்தில் இதுவரை 4,000-க்கு அதிகமான ஓவியங்கள் உருவாகியுள்ளன. நன்றாக வரையப்பட்ட ஓவியத்தின்மேல் கிறுக்குவதைக் கிறுக்குபவர்களே மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். சென்னையில் 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்கள் பெரும் ஓவியங்களாக மாறின. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் இடத்துக்கு வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தது அந்த ஓவியங்களுக்காக. வண்ணம் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்யாது என்ற குறை நியாயமானதே. இரண்டும் வேண்டும்.

இனி தரைக்கு வருவோம். பி. வெஸ்லி ஷுல்ட்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2009-ல் அமெரிக்காவில் 130 இடங்களில் மறைவாக நின்று பார்த்தது. கையிலிருந்ததை அப்புறப்படுத்தியவர்களில் 17 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள். அப்படிப் போட்டபோது குப்பைத்தொட்டி சராசரியாக 29 அடி தூரத்தில் இருந்தது. பத்து எட்டு வைத்தால் போய்விடும் தூரம். தொட்டி தள்ளிப்போகப் போகக் கீழே போடுவது கூடுகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பெல்லே ஹான்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும் நடைபாதையில் பச்சைநிறக் காலடித் தடங்களைத் தொட்டிவரை ஒட்டிவைத்து, வருவோர் போவோருக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். தரையில் விழுந்த மிட்டாய்க் காகிதம் 46 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தொட்டி மட்டுமே தீர்வென்று நினைத்தால், 1995-ல் சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொதுத்தொட்டிகளைப் பெருமளவு அகற்றிவிட்ட டோக்கியோ குறுக்கே வந்து நிற்கும். அங்கே குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். குழந்தைகள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கி வளரும் நாடு அது.

சிகரெட் துண்டைத் தனியே சொல்லியாக வேண்டும். உலகில் எண்ணிக்கையில் மிக அதிகமாகத் தெருவில் வீசப்படும் பொருள் அதுதான். பஞ்சு என்று எல்லோரும் நினைக்கும் அந்த வடிகட்டி, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழைகளால் ஆனது; மக்க ஆண்டுக்கணக்காகும். புகைத்த ஒரு துண்டை ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்தால், அதில் விடும் மீன்களில் பாதி சாவதற்கு அதிலிருந்து இறங்கும் நிகோடினும் மற்ற நஞ்சுகளும் போதும் என்று 2011-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. தெருவில் காலால் நசுக்கப்பட்டது மழைநீர் வடிகாலுக்குப் போகிறது, அங்கிருந்து ஆற்றுக்கு.

நம் தெருக்களில் இந்த அறிவியலை எங்கே பார்க்கலாம்? டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் மூலையில். எந்த வீட்டு வாசலும் அதை நோக்கித் திறக்காது என்பதால் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு கறுப்பு கவர் வந்து விழும். காலையில் நாய் அதைக் கிழித்துவைக்கும். எட்டு மணிக்குள் இன்னும் நாலு கவர். பிறகு வெட்டிய இளநீர் மட்டைகள், கிழிந்த மெத்தை, பழைய பாத்ரூம் ஓட்டின் உடைசல். மூன்றாம் நாள் அங்கே குப்பை போடுவது தவறு என்று யாருக்கும் தோன்றாது. போடுகிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவது சுலபம். குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வரும் நேரத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. அவர்களுக்கு வேறு நேரத்தில் ஒரு வழி இல்லாதவரை அந்த மூலை ஓயாது.

சிறுநீர் கழிக்கும் சுவரில் சாமிப் படம் பதித்த டைல்ஸ் ஒட்டும் வழக்கத்தையும் இங்கே நினைக்கலாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக உணவகத்தில் கண்கள் வரைந்த சுவரொட்டிகளை மாட்டியபோது, மேசையில் மிச்சம்மீதியை விட்டுப்போவோர் பாதியாகக் குறைந்ததாக 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வுக்கு வலிமை உண்டு. ஆனால் டைல்ஸ் ஒட்டிய சுவரை விட்டு அந்த மனிதர் அடுத்த சுவருக்குத்தான் போகிறார். அவருக்கு வேண்டியது கழிப்பறை.

பெங்களூருவில் 2010-ல் தொடங்கிய ‘தி அக்லி இந்தியன்’ என்ற, பெயர் வெளியிடாதவர்களின் குழு, முதலில் காரணத்தைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்தது. பேச்சு வேண்டாம், வேலை நடக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு குப்பை மூலையைத் தேர்ந்தெடுத்து, யார், எப்போது, ஏன் அங்கே போடுகிறார்கள் என்று முதலில் கவனிப்பார்கள். துப்புரவுத் தொழிலாளர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசுவார்கள். பிறகு ஒரே காலையில் அள்ளிச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணமடித்து, கீழ்ப்பகுதிக்குக் காவிபூசி, செடித்தொட்டியோ உட்காரும் மேடையோ வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை. அதன் பிறகு அந்த இடத்தைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். சில மூலைகள் மறுபடி குப்பைமேடாகியிருக்கின்றன. தாங்கியவை, பக்கத்துக் கடைக்காரரோ குடியிருப்பவரோ தனதாக ஏற்றுக்கொண்ட இடங்கள்.

ஆனாலும் தன்னார்வலர்கள் ஒரு மாநகரத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியாது. 24 மணி நேரக் கெடுவைக் காப்பாற்றுபவர் விடியுமுன் விளக்குமாறோடு வரும் தூய்மைப் பணியாளர். சுத்தத்துக்குப் பேர்போன சிங்கப்பூர், 1968-லிருந்து இயக்கம் நடத்தி, அபராதம் விதித்து, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைத்தது. அந்த நாடே பிறகு 2014-ல் துப்புரவாளர்களுக்குப் படிப்படியாக உயரும் ஊதிய ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. சென்னையில் 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அது அவர்கள் பிழைப்பின் பிரச்சினை. நம் தெருவின் பிரச்சினையும்கூட. எந்த மூலையில் எந்தக் கிழமை குப்பை விழும் என்று பல ஆண்டுகளாக ஒரே தெருவைப் பெருக்கியவருக்குத் தெரியும். நேற்று வேலைக்கு வந்து நாளை போய்விடுபவருக்குத் தெரியாது. நிரந்தர வேலை, கையுறை, முறையான ஊதியம் ஆகியவற்றைத் தூய்மைத் திட்டத்தின் செலவு என்று கணக்கெழுதுவது தவறு. அவைதான் திட்டம்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருமுனையில் முதல் பை விழுந்த அன்றே, மூன்றாவது பைக்குக் காத்திராமல், மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எண் 1913. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அந்தப் பை அங்கேயே கிடந்தால், மறுபடி அழையுங்கள்.